எலிக்குக் கேட்ட மருந்து

அருப்புக்கோட்டையில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் காசிராஜன் அண்ணாச்சிக்கு ஒருநாள் செல்போனில் ஞானம் பிறந்தது. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பு அமிலத்திலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு பொருள், எலியின் தோலில் அழற்சியைக் குறைத்துப் புற்றுநோய் வராமலும் தடுத்ததாம். மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று கீழே எழுதியிருந்தது. அண்ணாச்சி அவ்வளவு கீழே போகவில்லை. கொழுப்பு என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் நம்ம கடை. மறுநாளே வாசலில் போர்டு தொங்கியது: 'தோல் புற்றுநோயைத் தடுக்கும் செக்குக் கடலை எண்ணெய்.'

அவருடைய கெண்டைக்காலிலேயே ஒரு புண் இருந்தது. சிறுவயதில் சேவு போடும் கொதி எண்ணெய் கொட்டி வெந்த தழும்பு. அதன் நடுவே வெடித்த புண் மாதக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்துக்கொண்டே வந்தது. மதுரைக்குப் போய்க் காட்டுங்கள் என்று மனைவி சரஸ்வதி நச்சரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அண்ணாச்சிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எலி எடை என்ன, என் எடை என்ன? அதுக்கு ஒரு சொட்டுன்னா எனக்கு ஒரு சொம்பாச்சும் வேணாமா?"

தராசு பிடித்த மூளை அல்லவா, கணக்கு அப்படித்தான் ஓடும். வெறும் வயிற்றில் சொம்பு எண்ணெயைக் குடித்தார். அன்று முழுக்கக் கடையைப் பார்த்துக்கொண்டது சரஸ்வதிதான். அண்ணாச்சி கக்கூசை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு குடிப்பதை விட்டுப் பூச ஆரம்பித்தார். வருகிற ஆட்களிடமெல்லாம் வேட்டியைத் தூக்கிக் காட்டி, "பாத்தீகளா, எப்பிடி வாடுது!" என்பார். வாடியது சரஸ்வதியின் முகம் மட்டும்தான்.

நரிக்குடிப் பக்கமிருந்து தன் காட்டில் விளைந்த கடலையை மூட்டையாகக் கொண்டுவரும் சம்சாரி முத்துராமலிங்கத்துக்கும் பாதத்தில் ஓர் ஆறாப் புண். எப்போதோ சீமைக்கருவேல முள் ஏறிய இடம். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஊர் நர்ஸம்மா அனுப்பியிருந்தார்.

"அங்க போனா வெட்டத்தான் செய்வாக. இதப் பூசுங்கண்ணே" என்று ஒரு சின்னப் பாட்டிலைக் கொசுறாக நீட்டினார் அண்ணாச்சி. மனிதர் மதுரைக்குப் போகாமல் ஊருக்கே பஸ் ஏறினார்.

அண்ணாச்சியின் புண்ணில் ரத்தம் கசிந்து நாற்றமெடுத்த அன்று சரஸ்வதி பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. மதுரைக்கு இழுத்துப்போனாள். சதையைக் கிள்ளிச் சோதித்துப் புற்றுநோய்தான் என்றார்கள்.

"எலிக்குக் கேட்டுச்சுன்னு படிச்சேன் சார்."

"நீங்க படிச்சது எண்ணெயைப் பத்தி இல்ல, அதுலேருந்து பிரிச்ச ஒண்ணைப் பத்தி. அதுவும் எலிக்கு. உங்களுக்கு வால் இருக்கா?" என்றார் டாக்டர்.

நல்ல வேளை, காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. புண்ணை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டி அனுப்பினார்கள்.

கட்டோடு கடைக்கு வந்த பிறகும் போர்டு அப்படியே தொங்கியது. "கழட்டுங்க" என்று சரஸ்வதி சொன்னபோது, "இருக்குற சரக்கு தீரட்டும்" என்றார். வெட்கம்கெட்ட மனுஷன்!

அப்போதுதான் முத்துராமலிங்கம் காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். பாதத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. புதுப் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கியவர் அண்ணாச்சியின் கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கால்ல?"

"படியில வழுக்கிருச்சுண்ணே."

"அடடா! நம்ம எண்ணெய் இருக்கையில இந்தக் கட்டெல்லாம் எதுக்கு?" என்று பாசத்தோடு கீழே உட்கார்ந்து, பாட்டில் மூடியைத் திருகி, கட்டை அவிழ்க்கக் கை வைத்தார்.

அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் போனார். "ஐயோ, தொடாதீக! கேன்சர வெட்டிருக்கு! எண்ணெய் கிண்ணெய் படவே கூடாதுன்னுருக்காரு டாக்டரு!"

முத்துராமலிங்கம் பாட்டிலைத் தரையில் வைத்தார். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன தன் கால்துணியைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்ப என் காலு, அண்ணாச்சி?"

அண்ணாச்சி வேட்டியை இழுத்துக் கட்டை மூடினார். சரஸ்வதிதான் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து, "எந்திரிங்கண்ணே, மதுரை பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள்.