முதலில் பழைய லேப்டாப்பில்

மாடம்பாக்கம் ஸ்கேன் சென்டரில் தீபலட்சுமி ஐந்து வருடமாக ரிப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் எந்த பென் டிரைவும் மெயின் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. முதலில் மூலையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் செருகிச் சோதிக்க வேண்டும். அந்த லேப்டாப்புக்கும் சென்டரின் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இதற்கு முன் அவள் வேலை செய்த லேபில், யாரோ கொடுத்த பென் டிரைவை யோசிக்காமல் செருகியது அவள்தான். மறுநாள் காலை ஒரு ஃபைலும் திறக்கவில்லை. போன வருட ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "எப்படிம்மா காணாமப் போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் யாருடைய திட்டுக்கும் அழவில்லை, அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள். அதன்பிறகு வீடியோ பார்த்தும், ரிப்பேர் கடைக்காரரை நச்சரித்தும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, கீழ்க்கட்டளையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜாய்சன் ஒரு நோயாளியோடு அவசரமாக வந்தார். நோயாளியின் பழைய எம்.ஆர்.ஐ. படங்கள் பென் டிரைவில் இருந்தன. நேராக மெயின் கம்ப்யூட்டர் பக்கம் போனவரைத் தீபலட்சுமி குறுக்கே நின்று தடுத்தாள்.

"சார், முதல்ல அந்த லேப்டாப்புல போடணும்."

"நான் டாக்டர்மா. என்கிட்ட என்ன வைரஸ் இருக்கப் போகுது?"

"உங்கள நம்புறேன் சார். இது எந்தெந்த கம்ப்யூட்டருக்குப் போயிட்டு வந்துச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாதே."

சத்தம் கேட்டு, சென்டரை நடத்தும் டாக்டர் கஸ்தூரிரங்கன் அறையிலிருந்து வெளியே வந்தார். ஜாய்சன் அவருடைய இருபது வருட நண்பர். ஆனாலும் தீபலட்சுமி நகரவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஜாய்சன். இங்க நான் கொண்டு வந்தாலும் இதேதான்" என்றார் கஸ்தூரிரங்கன்.

லேப்டாப்பில் செருகியதும் எச்சரிக்கை சிவப்பாக வந்து நின்றது. ஃபோல்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயர்களில் ஷார்ட்கட்கள் இருந்தன. "இதுல ஒண்ண கிளிக் பண்ணினா போதும் சார், உள்ள இறங்கிடும்" என்றாள். வைரஸை நீக்கிவிட்டு, ஒளிந்திருந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவந்தாள். எம்.ஆர்.ஐ. படங்கள் பத்திரமாக இருந்தன. அந்த லேப்டாப்பிலேயே டாக்டர்கள் அவற்றைப் பார்த்தார்கள்.

ஜாய்சனின் முகம் மாறியிருந்தது. "காலையில இத என் கிளினிக்ல போட்டேன்..."

"உடனே போன் பண்ணுங்க சார். நெட்வொர்க் வயரை எல்லாம் பிடுங்கச் சொல்லுங்க. வேற பென் டிரைவ் எதையும் செருக வேண்டாம்னு சொல்லுங்க."

ஜாய்சனின் கிளினிக்கில், வரவேற்பில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. ஆனால் நோயாளிகளின் பதிவுகள் இருந்த கம்ப்யூட்டர் தப்பித்தது. மாலையில் ஜாய்சனே அவளுக்குப் போன் செய்தார். "மேடம், ஞாயித்துக்கிழமை எங்க ஸ்டாஃபுக்கு வந்து சொல்லித் தர முடியுமா?"

மேடம்! போனை வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணவன் குணா தன் ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனான். அன்று சவாரி எதையும் ஏற்றவில்லை. ஆறு பேர் நோட்டும் பேனாவுமாக அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். அதில் ஜாய்சனும் ஒருவர். பென் டிரைவைச் செருகியதும் தானாக எதுவும் திறக்காதபடி எப்படி மாற்றி வைப்பது, நோயாளிகளின் பதிவுகளை எப்படித் தனியாக நகல் எடுத்து வைப்பது என்று அவள் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். முதல் ஐந்து நிமிடம் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

பாதியில் ஜன்னல் வழியாகக் குணாவின் குரல் உள்ளே வந்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"உள்ள கிளாஸ் எடுத்துகினு கீறது யார்னு நெனச்ச? நம்ம வூட்டம்மா! டாக்டரே உக்காந்து எழுதிகினு கீறாரு, போய்ப் பாரு!"

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். மெதுவாகப் பேசச் சொல்லலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, பேசட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போனாள்.