பாட்டு முடியக் காத்திருந்த பந்து

ஏப்ரல் பதினோராம் தேதி பிற்பகல், இசோமுரா துறைமுக மைதானத்தில், ஹிராயாமா தெய்ஜி எறிந்த பேஸ்பால் பந்து பாதி வழியில் காற்றில் நின்றது. மட்டையாளர் அதற்குள் மட்டையை வீசி, தானும் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்திருந்தார். எதிரணி ரசிகர்கள் எக்காளமும் முரசுமாகப் பாடிய பாட்டு முடிந்ததும் பந்து புறப்பட்டுப் போய்ப் பிடிப்பவரின் கையுறைக்குள் அமர்ந்தது. அன்று வடகிழக்குக் காற்று. கணவாய் மீன் விலை சற்று ஏறியிருந்தது.

தெய்ஜிக்கு வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருடம் எறிந்து தோள் தேய்ந்துவிட்டதென்று தலைநகரத்து அணி அவரை இசோமுராவுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டது. சும்மா வாங்கினால் ஊர் மானம் போய்விடும் என்று இசோமுராக்காரர்கள் பதில் மரியாதையாக நாற்பது பெட்டி காய்ந்த கணவாய் அனுப்பினார்கள். அதிலிருந்து ஊரில் அவருக்கு ‘நாற்பது பெட்டி’ என்றே பெயர். அவர் கோபித்துக்கொண்டதில்லை. யார் பேசினாலும் முடியும்வரை காத்திருந்தே பழகியவர். பந்துக்கும் அது தொற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பந்து எத்தனை நேரத்தில் வந்துசேர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகஸ்டுக்குள் பதின்மூன்று வெற்றிகள். பந்து நிற்கும் நேரத்தில் பீர் விற்கும் பெண்கள் இரண்டு குவளை நிரப்பக் கற்றார்கள். மட்டையாளர்களும் பாட்டு முடியும்வரை பொறுக்கக் கற்றார்கள். அதன்பின் இசோமுரா நான்கு ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் தெய்ஜியின் பழைய தலைநகரத்து அணியோடு. இசோமுராவுக்கு ஒரு புள்ளி முன்னிலை. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக், அதாவது மட்டையாளர் அடிக்காமல் விட்ட ஒரு நல்ல பந்து, கிடைத்தால் வெற்றி. பயிற்சியாளர் அசானுமா தெய்ஜி நின்று எறியும் மேட்டுக்கு நடந்து வந்தார்.

“தோள் என்னய்யா சொல்லுது?”

“அது பேசறதை நிறுத்தி நாளாச்சுங்க.”

“இது போச்சுன்னா அடுத்த வருஷம் உங்கள வெச்சுக்க முடியாது.”

“தெரியுமுங்க.”

எதிரே பழைய தோழன் கிஷிமோட்டோ மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரித்தான். “அண்ணே, மெதுவாவே போடுங்க. பொழுது சாயற வரைக்கும் நிப்பேன்.”

அப்போது தலைநகரத்து ரசிகர் படையின் தலைவர், முடிதிருத்தும் ஒகிதா, கையை உயர்த்தினார். “அவங்க கணவாயை மட்டும் தின்னோம், பதிலுக்கு ஒண்ணும் செய்யல. மனுஷன் கடைசிப் பந்தையாவது நிம்மதியா எறியட்டும். எக்காளத்தக் கீழ வைங்கடா.” எட்டாயிரம் பேர் எழுந்து தலை குனிந்தார்கள். கடற்காக்கைகூடக் கத்தவில்லை. அத்தனை நீண்ட மௌனத்தை தெய்ஜி எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. அந்த மௌனத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எறிந்தார்.

காத்திருக்க ஒன்றுமில்லாததால் பந்து நிற்கவில்லை. சைக்கிள் வேகத்தில் நேரே போய்ச் சேர்ந்தது. கிஷிமோட்டோ காத்துக்கொண்டே நின்றான். “எங்கண்ணே பந்து?” என்று கேட்டபோது பிடிப்பவர் கையுறையைத் திறந்து காட்டினார்.

“இன்னைக்கு அதுக்கு ஏதோ அவசரம்” என்று மட்டும் தெய்ஜி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

கோப்பை வென்ற மறுநாள் இசோமுராக்காரர்கள் கூடிப் பேசி, அந்த மௌனத்துக்குப் பதில் மரியாதையாக இன்னும் நாற்பது பெட்டி அனுப்பினார்கள். அடுத்த ஏப்ரலில் பந்து வழக்கம்போல் நின்றது. பீர் விற்கும் பெண்கள் மூன்றாவது குவளையையும் நிரப்பினார்கள்.