படத்தில் இல்லாத கை

"ஸ்டியரிங்கைத் தொடாதவங்கதான் இப்பல்லாம் டிரைவருக்குப் பரீட்சை வைக்கிறாங்க" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். பஸ் கம்பெனியின் ஓய்வறையில் பதினோரு டிரைவர்கள் காத்திருந்தார்கள். தேறாதவர் நாளையிலிருந்து வண்டி கழுவப் போக வேண்டும். முப்பத்தொரு வருடம் ஓட்டியவருக்கும் அதேதான்.

பக்கத்தில் அவர் மகளைக் கட்டியவன். அவனும் அங்கே டிரைவர். "மெதுவாப் பேசுங்க மாமா. பரீட்சை வைக்கிற அந்தம்மா காதுல விழுது."

"விழட்டும்."

தாள் கொடுத்த அதிகாரி, "படிக்கத் தெரியாதவங்க கை தூக்குங்க, நான் வாசிக்கிறேன்" என்றாள். பெரியவரின் கை மட்டும், தோள் உயரம்வரை எழுந்தது.

"அண்ணன் போர்டைப் பாக்காமலே ஊரைச் சுத்தினவருப்பா" என்றது பின்வரிசை. சிரித்தார்கள். மாப்பிள்ளை தாளுக்குள் குனிந்துகொண்டான்.

"பலகையில 'நில்'னு இருக்கு, விளக்கு பச்சை. என்ன பண்ணுவீங்க?"

"விளக்குதான். போவேன்."

"விளக்கு எரியல?"

"பலகை சொல்றபடி நிப்பேன்."

"சரி. கடைசிக் கேள்வி. இதைச் சொல்லிட்டா தேறிடுவீங்க. சிவப்பு எரியுது. போலீஸ்காரர் வாங்கன்னு கை காட்டுறார்."

பெரியவர் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். மழை மாதத்தில் சிக்னல் கேமரா எடுத்த படம் இன்னும் அங்கே ஒட்டியிருந்தது: சிவப்பு விளக்கு, அதைத் தாண்டும் அவருடைய பஸ். போலீஸ்காரர் கூப்பிட்டதால்தான் போனார். "படத்துல போலீஸ்காரரைக் காணோமே" என்று மேனேஜர் மூன்று நாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

"நிப்பேன்" என்றார்.

"தப்பு. போலீஸ்காரர் கைதான் எல்லாத்துக்கும் மேல."

"அந்தப் படத்துல கை எங்கம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது வேற விஷயம் ஐயா. இங்க தாள்ல இருக்கறதுதான்."

"நேத்து பத்து தடவ சொல்லிக் குடுத்தேன்" என்றான் மாப்பிள்ளை, பல்லைக் கடித்தபடி. "என் மானமும் சேர்ந்து போச்சு மாமா."

பெரியவர் காக்கிச் சட்டையைக் கழற்றி, பெயர்ப்பட்டை உள்ளே போகும்படி மடித்து நாற்காலியில் வைத்தார். வாசலில் ஸ்டோர்காரர் வண்டி கழுவ ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். இடது காலுடையது கிழிந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், நாற்சந்தியில் நடப்பவர்களுக்குச் சிவப்பு. போலீஸ்காரர் வண்டிகளை மறித்துவிட்டு, "பெரியவரே, உங்களைத்தான், வாங்க" என்று கை காட்டினார்.

பெரியவர் கம்பத்தின் உச்சியிலிருந்த கேமராவைப் பார்த்தார். பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாலையைக் கடக்காமல், வந்த ஓரமாகவே நடந்தார்.