தூசிக்கு அடித்த தண்ணீர்

“ஏலே பாண்டி, நிறுத்துலே!”

இசைவாணி போட்ட சத்தத்தில் ரோலர் டிரைவர் பாண்டிராஜ் பிரேக்கை மிதித்தான். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டும் போடாமலும் ஓடி வந்தவள், பரப்பிக் கிடந்த செம்மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினாள். விரலை விரித்தால் மண் உள்ளங்கையெல்லாம் அப்பியிருந்தது.

நேற்று சாயங்காலம் இதே மண் பதமாக இருந்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் அமுக்கினால் இரண்டாக உடைந்தது. ராத்திரி மழையும் இல்லை.

“ஆரு இங்கன தண்ணி அடிச்சது?”

தாயில்பட்டிக்கு வெளியே முத்துக்கிருஷ்ணனின் பட்டாசுக் கம்பெனி. வேலிக்கு இந்தப் பக்கம், காலி அட்டைப்பெட்டி அடுக்க ஒரு கோடவுன் கட்டுகிறார். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, செம்மண் கொட்டி அடுக்கடுக்காக இறுக்கித் தளம் எழுப்புவது இசைவாணியின் வேலை. சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் எடுத்த முதல் காண்டிராக்ட். இது கடைசி அடுக்கு. மாலையில் விருதுநகரிலிருந்து எஞ்சினியர் வந்து மண்ணின் இறுக்கத்தைச் சோதிப்பார். தேறினால் சாத்தூர் ரோட்டில் வரப்போகும் மூன்று கோடவுனும் அவளுக்கு. தேறாவிட்டால் பழைய காண்டிராக்டர் பத்திரகாளிக்கு.

“நாந்தாம்மா அடிச்சேன்” என்றார் கம்பெனி போர்மேன் சின்னச்சாமி. “நீ போனப்புறம் காத்து கிளம்பிருச்சு. தூசி வேலியத் தாண்டி வெடிமருந்து ரூம் பக்கமா போச்சு. மருந்துல மண்ணு விழுந்து உரசுனா பொறி கிளம்பிரும். எங்களுக்குத் தூசின்னா தண்ணிதான். பைப்பப் போட்டு நல்லா நனைச்சு விட்டேன். தப்பா?”

ஒரு பொறி தெறித்தால் என்ன ஆகும் என்று பயந்து பயந்தே தலை நரைத்த மனிதர். அவரை எப்படித் திட்டுவது?

அதற்குள் முத்துக்கிருஷ்ணனின் கார் வந்து நின்றது. “என்னம்மா, ரோலர் சும்மா நிக்கி?”

“ஈரம் கூடிப்போச்சு அண்ணாச்சி. காய்ஞ்ச பெறகுதான் உருட்டணும்.”

“ஈரமா இருந்தா நல்லா அமுங்கத்தான செய்யும்? பத்திரகாளின்னா இந்நேரம் உருட்டி முடிச்சிருப்பான்.”

“அவுக உருட்டுன பழைய கோடவுன் தளத்துலதான ஒங்க பெட்டியெல்லாம் குடிச்சவன் மாதிரி சாஞ்சு நிக்கி?”

பாண்டிராஜ் சிரிப்பை அடக்க இருமினான்.

“பாண்டி, ஓரமா ஒரு தடவ ஓட்டிக் காட்டு” என்றாள் இசைவாணி.

ரோலர் ஏறியது. உருளைக்கு முன்னால் மண் மெத்தைபோல எழும்பியது. பின்னால் பள்ளம் விழுந்து இருபுறமும் பிதுங்கியது. முத்துக்கிருஷ்ணன் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

“மண்ணுக்கு ஊடால இருக்க காத்து வெளியேறுனாத்தான் இறுகும் அண்ணாச்சி. கொஞ்சம் ஈரம் இருந்தா மண்ணு வழுக்கிக்கிட்டுப் போயி நெருங்கி உக்காரும். ஈரம் கூடிட்டா, மண்ணு உக்கார வேண்டிய எடத்துல தண்ணி உக்காந்துக்கிடும். எம்புட்டு அமுக்குனாலும் தண்ணி அமுங்குமா?”

“சாயங்காலம் எஞ்சினியர் வந்துருவாரே?”

“வரட்டும். வெயில் இருக்கு, காத்து இருக்கு. ஒங்க டிராக்டர மட்டும் குடுங்க.”

டிராக்டர் கலப்பையோடு வந்து மண்ணைப் புரட்டியது. புரட்டப் புரட்ட வெயில் ஈரத்தை உறிஞ்சியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இசைவாணி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியதும் மறுபடி ஒரு பிடி அள்ளினாள். கையில் பிடித்த மண் மாவாக உதிர்ந்தது. அவள் போட்ட கணக்கைவிட வேகமாகக் காற்று வேலை பார்த்துவிட்டது. வறண்டுபோன மண் வழுக்கவும் செய்யாது, நெருங்கவும் செய்யாது.

“அண்ணாச்சி, தண்ணி வேணும்.”

முத்துக்கிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “காலைல தண்ணி வேண்டாம்னு சண்ட போட்ட. இப்பத் தண்ணி கேக்க. ஒரு முடிவுக்கு வாம்மா!”

“இதான் முடிவு அண்ணாச்சி. நேத்து குளிப்பாட்டிட்டாக. இப்ப மூஞ்சி கழுவிவிட்டாப் போதும்.”

சின்னச்சாமி காலையிலிருந்து வேலியோரமாக ஒதுங்கியே நின்றிருந்தார். இசைவாணி பைப்பை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

“வாங்க மாமா. ஒங்கள மாதிரி சீராத் தூவ இங்கன ஆளில்ல.”

“ஆள விடு தாயி. நேத்து அடிச்சதுக்கே இம்புட்டுப் பாடு.”

“நேத்து தூசிக்கு அடிச்சீக. இன்னிக்கு மண்ணுக்கு அடிங்க. நான் போதும்ங்கிற வரைக்கும்.”

அவர் பைப்பின் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பூந்தூறலாக விசிறினார். டிராக்டர் பின்னாலேயே புரட்டிக் கலந்தது. இசைவாணி ஒரு பிடி அள்ளி அமுக்கினாள். இரண்டாக உடைந்தது.

“போதும் மாமா! பாண்டி, ஏத்துலே!”

முதலில் விழுந்த ரோலர் தடம், போகப் போக விழாமல் நின்றது. கடைசியில் இரும்பு உருளை பாறைமேல் ஓடுவதுபோலத் தடதடத்தது. எஞ்சினியர் வந்தபோது இசைவாணி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சின்னதாக ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழிக்குள் மணலை ஊற்றி அதன் கொள்ளளவை அளந்து, மண்ணின் ஈரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டார். “கேட்டதுக்கு மேலயே இறுகியிருக்கு” என்றார்.

“மூணு கோடவுனும் ஒனக்குத்தாம்மா” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“சந்தோசம் அண்ணாச்சி. ஆனா ஒரு கண்டிஷன். அங்கயும் மண்ணுக்குத் தண்ணி அடிக்க சின்னச்சாமி மாமாவத்தான் அனுப்பி வைக்கணும்.”

அப்போது காற்று கிளம்பியது. வண்டிப் பாதையிலிருந்து தூசி சுருண்டு எழுந்து வேலியைப் பார்த்துப் போனது. சின்னச்சாமியின் கை தானாகப் பைப்புக்குப் போய், பாதியில் நின்றது. இசைவாணியைப் பார்த்தார்.

“அடிங்க மாமா” என்றாள் அவள். “அது வெறும் வண்டிப் பாததான்!”