மூன்றாவது அலை

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சரியா மேடம்’. எதைச் சொன்னாலும் “சரியா?” என்று கேட்காமல் முடிக்கமாட்டாள். இயற்பியல் துறையில் அலைச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுவது அவள் வேலை. உயரம் கூடினால் வேகமும் மாறிப்போகும் அலைகள் லேசில் மசியாதவை. அவற்றின் சமன்பாடுகளைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் தோராயமாகத்தான் போட்டுப் பார்க்க முடியும். அபூர்வமாக ஒன்றிரண்டு, காகிதத்திலேயே துல்லியமான விடையைத் தந்துவிடும். அவற்றில் அலைமேடுகள் மோதிக்கொண்டாலும், சண்டை நடந்த சுவடே இல்லாமல் பழைய உருவத்தோடு பிரிந்து போகும். அப்படி ஒரு சமன்பாட்டைப் பிடித்துவிட்டதாக அவள் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள்.

இரண்டு அலைக்கு விடை கையில் இருந்தது. மூன்றுக்கு? ‘இதே வழியில் வரும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தது அவள் நாத்தனார். கணவரின் தங்கையான அவளும் அதே துறையில்தான் ஆய்வாளர். சரியா மேடம் இதைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டிய அன்று காலையில், அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, மூணு அலையும் மோதிப் பிரிஞ்சப்புறம் பின்னாடி சின்னதா ஒரு நெளிவு தங்குது. கம்ப்யூட்டர் கணக்கோட கட்டத்தை எவ்வளவு பொடிசாக்கினாலும் போகமாட்டேங்குது.”

“உன் ப்ரோக்ராம்லதான் எங்கேயோ இடிக்குது. இந்த நேரத்துல வயித்தைக் கலக்காதே, சரியா?”

அரங்கம் நிறைந்திருந்தது. பேச்சு முடிந்ததும், வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் கை தூக்கினார்.

“மூணு அலை வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தோம் சார். கொஞ்சம் பிசிறு வந்துச்சு. ப்ரோக்ராம் எழுதினது எங்க நாத்தனார், அவசரக்குடுக்கை. வீட்டுலயும் உப்பை ரெண்டு தடவை போடுவா.”

அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் நாத்தனாரும் சிரித்தாள்.

நாத்தனாருக்குத்தான் என்று பேச்சாக இருந்த புதுக் கம்ப்யூட்டர் கூடத்தின் பொறுப்பு, அடுத்த வாரம் வேறொருவருக்குப் போனது. “நிதானமான ஆள் வேணும்” என்றாராம் துறைத்தலைவர்.

அதைக் கேட்டபோதுதான் சரியா மேடத்துக்குச் சுருக்கென்றது. கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று அலைக்கான கணக்கைக் கையாலேயே போட்டாள். சமன்பாட்டின் எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லை. திரும்பப் போட்டாள். அதே மிச்சம். இந்த மாதிரிச் சமன்பாடுகளில் இரண்டு அலைக்கு விடை கிடைப்பது பெரிய சாட்சியே இல்லை, மூன்றாவதுதான் பரீட்சை என்று வகுப்பில் சொல்லித்தருகிறவளே அவள்தான். காது மடல் எரிந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நாத்தனார் அறைக்குப் போனாள்.

“நீ சொன்னதுதாம்மா சரி. தப்பு என்னோடது.”

“எங்கிட்ட எதுக்கு அண்ணி சொல்றீங்க? எனக்கு அன்னிக்கே தெரியும். அங்க உக்காந்து சிரிச்சவங்களுக்குத்தான் தெரியாது.” திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் எனக்கே அருவருப்பா இருக்கு.”



அடுத்த கருத்தரங்கில் வேறொருவர் பேச இருந்தார். அவரிடம் கெஞ்சி நேரம் வாங்கிக்கொண்டு பலகை முன் போய் நின்றாள். மிஞ்சிய உறுப்பை எழுதினாள். “இந்த சமன்பாட்டுக்கு அப்படி முழு விடை கிடையாது. நெளிவு நிஜம். அதைக் கண்டுபிடிச்சு எங்கிட்ட சொன்னவங்களை, இதே இடத்துல நான் கேலி பண்ணினேன்.” பாதி நாற்காலிகள் காலி. கேள்வி கேட்ட பேராசிரியரும் ஊருக்குப் போயிருந்தார். அன்று சிரித்தவர்களில் பலர் வரவே இல்லை.

வெளியே வந்ததும் துறைத்தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்குப் பெரிய மனசு மேடம்!”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. “அந்தப் பொறுப்பை அவளுக்கே குடுங்க சார்,” என்றாள்.

“உத்தரவு போட்டாச்சே. அடுத்த தடவை பார்க்கலாம்.”

இரண்டடி தள்ளி நாத்தனார் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். சரியா மேடம் அந்தப் பக்கம் திரும்பவே கூசி, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.