எழுபத்தெட்டுத் துடிப்பு

இப்போதெல்லாம் ஒருவன் களைத்திருக்கிறானா என்று யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பிடித்து எண்ணுகிறார்கள். நான் இருபது வருடம் குருநகரில் உதைபந்து அடித்தவன். விழுந்தால் களைப்பு, எழும்பினால் களைப்பில்லை. அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

மரியரட்ணம் எங்கள் கழகத்தின் பயிற்சியாளன். அவன் தமையன் ஜெர்மனியிலிருந்து ஒரு பட்டி அனுப்பியிருந்தான். நெஞ்சில் கட்டினால் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு இலக்கமாக விழுமாம். பற்றரி செத்துப்போனது. சண்டைக்காலம், யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. ஆகவே காலையில் ஒவ்வொருவனையும் பத்து நிமிடம் வாங்கில் சும்மா இருத்தி, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக் கொப்பியில் எழுதுவான்.

இறுதியாட்டத்துக்கு முந்திய புதன்கிழமை, என் மகன் சிமியோனின் கையை விட்டுவிட்டுச் சொன்னான்:

"எழுபத்தெட்டு. போன கிழமை ஐம்பத்தெட்டு. களைப்பு ஆறேல்லை. இப்பிடியெண்டால் ஞாயிற்றுக்கிழமை நீ வெளியிலைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்ரை மருமோனை இறக்கத்தானே உந்த நாடகம்?"

"யாகோப்பண்ணை, மருமோன் கோல் காக்கிறவன். சிமியோன் கோல் அடிக்கிறவன்."

பெடியள் சிரித்தார்கள். மரியரட்ணம் கொப்பியைப் புரட்டினான். "திங்களிலையிருந்து ஏறுது. சிமியோன், வலைக்குப் போறியோ?"

சிமியோன் என்னைப் பார்த்தான். உண்மைதான். கரையோரம் இறால் பட்டது. மூன்று நாளும் விடியுமுன்னே அவனை இடுப்பளவு தண்ணீரில் இறக்கியவன் நான். இறுதியாட்டம் முடியும்வரை வலை கூடாதென்று மரியரட்ணம் சொல்லியிருந்ததால் வெளியே மூச்சு விடவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது? நாடி வந்து வலைக்கதை கதைக்குமா?

"ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. வீட்டிலை நித்திரை கொள்ளட்டும். இலக்கம் இறங்கினால் விளையாடலாம்."

"அப்பு, நான் இனி வலைக்கு வரேல்லை," என்றான் சிமியோன். அவன் எனக்கு மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தனியே வலை இழுத்தேன். யார் காட்டிக்கொடுத்தது என்பதே யோசனை. பக்கத்து வீட்டுக் கிறகோரியா? எங்கள் இறாலையே தின்றுவிட்டா? வீட்டுக்கு வந்து மனுசி கத்தரீனாவைக் கேட்டேன்.

"எனக்கு வேறை வேலையில்லையோ? பெடியன் சோத்துக்கோப்பைக்கு முன்னாலை தூங்கி விழுந்தவன். நீங்கள் காணேல்லையோ?"

நான் காணவில்லை.

ஞாயிறு காலை அறுபது. விளையாட விட்டான். கடைசிப் பத்து நிமிடம், எல்லோருக்கும் கால் இழுபட்ட நேரம், சிமியோன் இரண்டு பேரைத் தாண்டி ஓடிப்போய் அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். மைதானம் அதிர்ந்தது.

மரியரட்ணம் ஓடி வந்தான். "கண்டியளோ அண்ணை?"

"கண்டன். நித்திரை கொண்டால் எவனும் ஓடுவான். அதுக்கேன் கொப்பி? ஆர் சொன்னதெண்டதை இப்பவாவது சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினான். கையை உதறிவிட்டு நடந்தேன். மதிலடியில் கிறகோரி நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அப்படியென்றால் இவன்தான்.