உஷாவின் லாவெண்டரில் இரண்டு சிகரங்கள்

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண்மணி விற்ற லாவெண்டர் எண்ணெயை, தூக்கம் வரும் என்றார்களே என்று தலையணையில் இரண்டு சொட்டு விட்டேன். தூக்கம் வரவில்லை, தும்மல்தான் வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை தரிசனமாக வருமாம்; எனக்கு மூக்கு வழியாகத்தான் வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஊதாக் கடலாக விரிந்த லாவெண்டர் வயல்களின் மேல் காற்று—"

(நிறுத்திவிட்டேன். நான் லாவெண்டர் வயலைப் பார்த்தது பல் டாக்டர் மாட்டியிருந்த காலண்டரில் மட்டும்.)

அடுத்து: "எத்திராஜின் மூக்குக்குப் பெங்களூரே பயந்தது. ஏனென்றால்—"

(ஏனென்று எனக்கே தெரியவில்லை.)

2

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவன். பொம்மனஹள்ளியில் ஃபிளாட். ஹெப்பகோடிப் பக்கம் வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும் ஒரு லேபில் வேலை. அவன் மனைவி உஷா ஐ.டி. கம்பெனியில் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் அந்தப் பிரிவே வேண்டாம் என்றார்கள். அன்றைக்குப் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தவள், மாதக்கணக்கில் அங்கேயே இருந்தாள். எதிர்க் கட்டிடத்தில் துணி காய்வதைப் பார்ப்பாள். கேட்டால் சும்னே, சும்மாதான், உட்கார்ந்திருக்கிறேன் என்பாள்.

அவளை எழுப்பியது முகேஷ் என்ற சப்ளையர் அனுப்பிய ஒரு பெட்டி லாவெண்டர். வாட்ஸ்அப்பில் போட்டாள். ஏ பிளாக்கில் விற்றது, பி பிளாக்கில் விற்றது. தலை வாரிக்கொண்டாள். எத்திராஜோடு மறுபடி சண்டை போட ஆரம்பித்தாள். அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் எல்லார் முன்னாலும் மைக் பிடித்து இந்த எண்ணெயைப் பற்றிப் பேசப்போகிறாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா அவன் மூக்கு வேலை செய்யவேண்டும்? ஒரு காலையில் அவள் தலையணையில் முகம் புதைத்திருந்தவன், பழக்கதோஷத்தில், லினாலைல் அசிடேட் ரொம்ப ஜாஸ்தி என்று முனகினான். அது லாவெண்டர் வாசனையின் முக்கியச் சரக்கு; உஷா ஏதோ கொஞ்சல் என்று வெட்கப்பட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தலையணையில் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

3

(இங்கே கொஞ்சம் பாடம் வரும். தாவுகிறவர்கள் தாவலாம். ஆனால் அடுத்த முறை பாட்டில் வாங்கும்போது என்னைத் திட்டக்கூடாது.)

ஒரே செடி, ஒரே பெயர். ஆனாலும் எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது அறுத்தார்கள், ஆவியில் நிதானமாக வடித்தார்களா, அவசரத்தில் தீயைக் கூட்டினார்களா என்பதைப் பொறுத்து எண்ணெய் மாறும். வடித்ததை வெயிலில் திறந்துவைத்தால் அதுவும் கெடும். அதனால் நேர்மையான இரண்டு பாட்டில்கள் ஒரே மாதிரி மணக்காது. என்றைக்கும் ஒரே மாதிரி மணப்பதைப் பார்த்தால்தான் எத்திராஜுக்குச் சந்தேகம் வரும்.

பிறகு கலப்படம். சமையல் எண்ணெய் கலந்தால் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் கண்டுபிடிக்கலாம். காய்ந்தபின் பஜ்ஜி வைத்த மாதிரிக் கறை நிற்கும்.* தொழிற்சாலையில் செய்த வாசனையைக் கலந்தால் காகிதத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவிக் காகிதம்.

பாட்டில்மேல் 'சிகிச்சைத் தரம்' என்று போட்டிருக்குமே, அதை எந்த அரசாங்கமும் கொடுப்பதில்லை. 'உலகப் புகழ்பெற்ற' என்று பிரியாணிக் கடைக்காரர் போர்டு எழுதிக்கொள்கிறாரே, அந்த வகை.

* வெட்டிவேர் எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் தடம் விடும். இதை வைத்து அதை விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன்.

4

எத்திராஜ் ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்துப்போய், கஸ்டமர்களின் மாதிரிகளுக்கு நடுவே லேப் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தான். எண்ணெயில் இருப்பதையெல்லாம் அந்த இயந்திரம் பிரித்து மலை மலையாக வரையும். அசல் லாவெண்டர் என்றால் பெரிய மலைகளைச் சுற்றி ஊர்ப்பட்ட குட்டிக் குன்றுகள் இருக்கும். இதில் இரண்டே சிகரங்கள். நடுவில் கிரிக்கெட் மைதானம். தொழிற்சாலைச் சரக்கு.

இந்த இடத்தில் அவனைப் பேசாமல் இருக்கவைத்து மூன்று வரைவு எழுதினேன். சொன்னால் அவள் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவாள் என்று அவன் பயந்தான். நானும்தான். பெண்டாட்டியின் நாற்காலியைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற புருஷன் எங்கே இருக்கிறான் என்று என் வீட்டில் கேட்டார்கள். அதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.

நாலாவது வரைவில் என்னைக் கேட்காமலேயே அவன் சமையலறைக்குள் போய் உஷாவிடம் சொல்லிவிட்டான்.

5

"காகிதத்துல விட்டுப் பாத்தேங்க. கறையே இல்லையே" என்றாள் உஷா.

இதைக் காகிதம் காட்டாது என்றான்.

"விஷமா?"

"சேச்சே. சோப்புல, ரூம் ஸ்பிரேல போடறதுதான். லாவெண்டர்னு மட்டும் சொல்ல முடியாது."

முகேஷுக்குத் தெரியுமா என்று கேட்டாள். முகேஷுக்கு விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ என்றான். அவள் ஏற்கெனவே துடைத்த அடுப்பு மேடையை இன்னொரு தரம் துடைத்தாள்.

"பாட்டிலை யாரும் பாக்கறதில்லீங்க. என் மூஞ்சியப் பாத்துதான் வாங்கறாங்க."

அதனால் விட்டுவிடலாம் என்கிறாளா, அதனால்தான் விடமுடியாது என்கிறாளா? எத்திராஜுக்குப் புரியவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?" என்றாள்.

"வரேன்."

6

முடிவு அ: அவள் ஒன்றும் சொல்லாமல் விற்கிறாள். பெட்டி காலி. எத்திராஜ் கை தட்டுகிறான். அதற்குப் பிறகு அவள் தலையணைப் பக்கம் அவன் திரும்புவதே இல்லை. (எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள், அரங்கம் எழுந்து நின்று— (எங்கள் கிளப் ஹவுஸில் சமோசா வந்தால்தான் எழுந்து நிற்பார்கள்.)

முடிவு இ: எத்திராஜ் மைக்கைப் பிடுங்கி— (அடித்துவிட்டேன். அவன் உட்கார வந்தவன்.)

ஆக, ஞாயிற்றுக்கிழமை. உஷா எழுந்து நிற்கிறாள். முன்வரிசையில் அசோசியேஷன் செயலாளர் கோமளம் மாமி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்கிறாள்: "ஏன்டிம்மா உஷா, இது அசல்தானே? உங்க ஆத்துக்காரர் லேப்ல பாத்தாரோ?"

கடைசி வரிசையில் எத்திராஜ் ஆமென்று தலையை ஆட்டவும் இல்லை, இல்லையென்று அசைக்கவும் இல்லை. அவனால் முடிந்த உதவி அவ்வளவுதான்.

உஷா பதில் சொல்வதற்குமுன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். மூன்றாவது வரிசையில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். அவள் பார்வை இப்போது உங்களிடம் வரும். ஏமாந்துவிட்டோம் என்கிற முகத்தோடு இருப்பீர்களோ, சொல்லம்மா, சொன்னபிறகும் உன்னிடம்தான் வாங்குவோம் என்கிற முகத்தோடு இருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. அது தெரியாமல் அடுத்த வரியை எழுத முடியவில்லை.

மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோகிறாள். மூஞ்சியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.